மூன்றாவது மணி அடித்தால்

இன்னும் அடிக்கவில்லை. எதிர்வீட்டில் விளக்கு ஏற்றியாகிவிட்டது, பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கி ஒரு தரம் கரகரத்து அடங்கியும்விட்டது, கூடத்து மூலையில் ஸ்டூல் மேல் உட்கார்ந்திருக்கும் கறுப்பு டெலிபோன் மட்டும் கம்மென்று இருந்தது. கோதண்டபாணி பிரம்பு நாற்காலியை அதற்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மனைவி மரகதம் போன் மேல் போட்டுவிட்டுப் போன குரோஷா பின்னல் துணி அவர் மடியில் கிடந்தது. அந்தத் துணியை அவருக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. போனின் ஒரு வளைவுக்காக வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவன் வீட்டிலேயே அந்த வளைவுக்குச் சட்டை மாட்டிவிட்டால் அவன் எங்கே போய் முட்டிக்கொள்வது? "தூசி படியுதுங்க," என்பாள் மரகதம், அதற்கு மேல் அவளிடம் பேச்சு வாங்க முடியாது. போன மாதம் எழும்பூர் பிளாட்பாரத்திலும் அப்படித்தான் சுருக்கமாகச் சொன்னாள். "தெனம் விளக்கு வெச்சதும் போன் அடிக்கும். ரெண்டு மணி அடிச்சு நின்னுடுச்சுன்னா அங்க எல்லாரும் சௌக்கியம்னு அர்த்தம். எடுக்காதீங்க, வெட்டியா எஸ்டிடி ஏறும். மூணாவது மணி அடிச்சா மட்டும் எடுங்க." மூணாவது எதுக்கு அடிக்கும் என்று இவர் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். "பிரசவம்னா எல்லாந்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் கூடையைக் காலுக்கடியில் தள்ளப் போய்விட்டாள். எடுக்காத போன் ஒரு விதத்தில் அவருக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. எடுத்தால் யாரோடாவது பேச வேண்டியிருக்கும். ஒரே மகள் சாருமதியோடு அவர் பேசி மூன்று வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்குப் போகவில்லை, அந்த வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன் என்று நாலு பேர் எதிரில் வாய்விட்டுச் சொன்னார், இப்போது அவள் பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்தும் திண்டுக்கல் ரயிலில் மனைவியை மட்டும் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து தனியாகச் சோறு வடித்துக்கொண்டிருக்கிறார். தினமும் இந்நேரத்துக்கு இரண்டு மணி. டிரிங் டிரிங், டிரிங் டிரிங். நின்றுவிடும். அவரும் எழுந்து போய் ரசத்தைச் சுடவைத்துச் சாப்பிடுவார். இன்றைக்கு நேரம் ஆகிறது.

வெறுமனே உட்கார்ந்திருந்தால் மனசு கண்ட இடத்துக்கும் போகும் என்று நாளைக்குப் பேச வேண்டியதை யோசிக்க ஆரம்பித்தார். நாளைக் காலை நகரத்தில் டெலிபோன் கண்காட்சி ஒன்று திறக்கிறார்கள். தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவிலிருந்து அவர் கால் மணி நேரம் பேச வேண்டும். அன்பர்களே, முதன்முதலில் டெலிபோனுக்கு முகமே கிடையாது. நல்ல ஆரம்பம். அது சுவரில் தொங்கிய ஒரு மரப்பெட்டி, பக்கத்தில் ஒரு கைப்பிடி, அதைச் சுற்றினால் எங்கேயோ ஒருத்தி 'எந்த நம்பர்' என்று கேட்பாள். அப்புறம் அது சுவரைவிட்டு இறங்கி மேஜைக்கு வந்தது. ஒரு தண்டு, தண்டின் உச்சியில் பேசுகிற வாய், பக்கத்துக் கொக்கியில் கேட்கிற காது. ஒரு கையில் தண்டு, ஒரு கையில் காது, மூக்கு அரித்தால் சொறிய மூன்றாவது கை இல்லை. இந்த இடத்தில் சிரிப்பார்கள். அப்புறம்தான் யாரோ ஒரு புண்ணியவான் காதையும் வாயையும் ஒரே கைப்பிடியில் கோத்தான். அங்கேதான், அன்பர்களே, ஒரு பெரிய கேள்வி வந்தது, காதுக்கும் வாய்க்கும் நடுவே எவ்வளவு தூரம்? வெளிநாட்டிலிருந்து வந்த வரைபடத்தில் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். அது வெள்ளைக்காரன் மூஞ்சிக்கு ஆன கணக்கு என்று இளவயசு கோதண்டபாணி துள்ளினார். நம்ம ஜனங்கள் மூஞ்சியை அளந்து பார்க்காமல் அச்சு வெட்டக் கூடாது என்று மேலதிகாரியிடம் மல்லுக்கு நின்று, காது முதல் வாய் வரை அளக்க மரத்தால் இரண்டு முனையுள்ள ஒரு கவை செய்துகொண்டு தொழிற்சாலைக் கேன்டீன் வாசலில் போய் நின்றார். சுருள் சுற்றும் பிரிவுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "ஜிமிக்கியக் கழட்டணுமா சார்?" "வேணாம்மா, வீட்டுல ஜிமிக்கியோடதானே பேசப்போறீங்க." அந்த ஒரு பதிலுக்காகத்தான் இன்றைக்கும் இந்த ரிசீவரின் காதுக் கிண்ணம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் ஆழம், ஜிமிக்கி நசுங்காது. இதை நாளைக்குச் சொல்லலாம். பெண்கள் கை தட்டுவார்கள். அன்று சாயங்காலம் அந்தக் கவையை வீட்டுக்கும் கொண்டுவந்தார். மரகதத்தை அளந்தார், அவள் மாவுக் கையோடு நின்று, சீக்கிரம் ஆகட்டும் என்றாள். குழந்தையை அளக்க வேண்டிய அவசியமே இல்லை, குழந்தைகள் சந்தாதாரர்கள் கிடையாது. ஆனால் எட்டு வயசு சாரு என்னையும் அளங்கப்பா என்று பாயில் படுத்து அடம் பிடித்தாள். கவையின் ஒரு முனையைக் காதிலும் ஒரு முனையை உதட்டோரத்திலும் வைத்தபோது அவள் தூங்கியே போயிருந்தாள். மூச்சு அவர் மணிக்கட்டில் வந்து வந்து பட்டது. கவையை எடுக்க மனசில்லாமல் அப்படியே குந்தியிருந்தார். தொழிற்சாலையில் அளந்த முகங்கள் ஒன்றுகூட இப்போது ஞாபகமில்லை, அந்த மூச்சு மட்டும் மணிக்கட்டில் இருக்கிறது. இப்போது அந்த முகம் எவ்வளவு இருக்கும், வளர்ந்திருக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்கு முகம் கொஞ்சம் ஊதும் என்பார்கள், கன்னம் உப்பியிருக்குமோ, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்குமோ. அன்பர்களே. எங்கே விட்டேன்.

கைப்பிடியில் விட்டேன். அடுத்தது உடம்பு. உடம்பு என்றால் இந்தக் கறுப்பு மேடு, அடியில் அகன்று மேலே குறுகி, இரண்டு கொம்புகளுக்கு நடுவே ரிசீவர் படுக்கிற குழி. இந்தக் குழியைப் பற்றி மட்டும் நாளைக்கு யாரும் கேட்கக் கூடாது. கட்டாயம் கேட்பார்கள். பழைய மாடலையும் புது மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், கண் உள்ளவன் எவனுக்கும் தெரியும், பழையதில் குழியின் ஓரம் தட்டை, புதியதில் ஒரு விளிம்பு எழும்பி நிற்கிறது. 'சார், இந்த விளிம்பு எதற்கு?' என்று ஒருவன் கை தூக்குவான். ரிசீவரை எப்படிப் போட்டாலும் அது தானே சறுக்கி வந்து ஒழுங்காக உட்காரும், தம்பி. கோணலாக உட்கார்ந்தால் அடியிலிருக்கும் பொத்தான் முழுக்க அமுங்காது, பொத்தான் அமுங்காவிட்டால் போன் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பதாக எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து கூப்பிடுகிறவனுக்கு மணி அடிக்காது. 'இந்தக் கோளாறை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், சார்?' இதுதான் வம்பு. என் சொந்த வீட்டில், தம்பி. சாருவுக்குக் கல்யாண வயசான அந்த வருஷம் இந்த வீட்டுப் போன் வாரம் தவறாமல் செத்தது. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து புகார் போகும், எக்ஸ்சேஞ்சிலிருந்து லைன்மேன் வருவான். ஒல்லியாக, நெற்றியில் முடி விழ, தோள்பையோடு சைக்கிளில் வரும் அந்தப் பையன் பேர் லூர்துசாமி. அவன் போனுக்கு எதிரே குத்துக்காலிட்டு ரிசீவரைத் தூக்குவான், வைப்பான், ஊதுவான். சரியாகிவிடும். "லைன்ல ஒண்ணுமில்ல சார், செட்டுலதான் ஏதோ." செட்டிலா! யாரிடம் வந்து யார் பேசுகிறது! கோதண்டபாணிக்கு ரத்தம் தலைக்கேறியது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனைப் பிரித்துப் பாயில் பரப்பினார். மணியின் இரண்டு பித்தளைக் கிண்ணி, சுருள், ஸ்பிரிங், ஒவ்வொன்றையும் துடைத்துப் பார்த்தார். குற்றம் ஒன்றுமில்லை. சாரு பக்கத்தில் உட்கார்ந்து திருகுகளைக் கிண்ணத்தில் பொறுக்கிப் போட்டுக்கொண்டே, "ரிசீவர் சரியா உக்காரலையோ என்னவோப்பா," என்றாள், ரொம்பச் சாதுவாக. அவருக்குச் சுரீரென்று பட்டது. அடுத்த நாளே வரைபலகையில் குழியின் ஓரத்தை உயர்த்தினார். மூன்று மாதம் சோதனை, புது அச்சு, மேலிடத்துப் பாராட்டு. இன்றைக்கு நாடு முழுக்க எந்த வீட்டில் ரிசீவரை வைத்தாலும் அது அந்த விளிம்பில் தட்டிச் சறுக்கித்தான் படுக்கிறது. விளிம்பு வைத்த முதல் போன் இந்த ஸ்டூலுக்கு வந்தது. பதினைந்து நாள் நன்றாக வேலை செய்தது. பதினாறாம் நாள் செத்தது. லூர்துசாமி வந்தான், ஊதினான். மரகதத்துக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது போலிருக்கிறது. சாருவும் லூர்துசாமியும் என்று விஷயம் வெடித்த அன்று, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் அவர் உட்கார்ந்திருந்தபோது, மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "கோளாறு போன்ல இல்லீங்க. உங்க பொண்ணுதான் ரிசீவருக்கு அடியில என்னத்தையோ மடிச்சு வெப்பா." எதை வைத்தாள் என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவரைவிட்டுப் போகவே இல்லை. மகள் போனது ஒரு பக்கம் வலித்தது, மாப்பிள்ளை வேற்று மதம் என்று சாதிசனம் பேசியது ஒரு பக்கம் வலித்தது, இது மூன்றாவது பக்கம். விளிம்பு வைத்த குழியிலும் பொத்தானை அமுங்கவிடாமல் நிறுத்தியது எது? தடிமனாக இருந்தால் ரிசீவர் தூக்கிக்கொண்டு தெரியும். மெலிசாக இருந்தால் பொத்தான் அமுங்கிவிடும். சரியான ஒரு தடிமன் வேண்டும். அதை அவள் கண்டுபிடித்திருக்கிறாள், கழுதை, அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். கோபம் தணிகிற நேரங்களில், யாருக்கும் சொன்னதில்லை, அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்குப் போட எழுந்தால் அந்த நேரம் பார்த்து அடித்துவிடுமோ என்று எழவில்லை. இருட்டில் டயல் மட்டும் மங்கலாகத் தெரிந்தது, நடுவில் போன ஆயுத பூஜைக்கு மரகதம் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. டயலைப் பற்றி நாளைக்குக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், கால் மணி நேரத்தில் பாதி அதற்கே. முன்பெல்லாம் எண்கள் ஓட்டைக்கு உள்ளே இருந்தன, விரல் போனால் எண் மறையும். எண்களை வெளியே கொண்டுபோனார்கள், இப்போது எண் தெரிகிறது, ஆனால் ஜனங்கள் சுற்றுவது மெதுவாகிவிட்டது. விரலுக்குப் போய்ச் சேர ஒரு இடம் இல்லாமல் தடுமாறுகிறது என்று கண்டுபிடித்து ஓட்டைக்கு ஓட்டை ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார்கள். அவ்வளவுதான், விரல் சமாதானமாகிவிட்டது. மனுஷ விரல் எவ்வளவு அற்பத்துக்குச் சமாதானமாகிறது பாருங்கள். அப்புறம், முக்கியமாக, இது பாதிப் பேருக்குத் தெரியாது, டயலை நாம் இழுக்கும்போது ஒன்றுமே போவதில்லை. கொக்கி வரை இழுத்து விரலை எடுக்கிறோமே, அப்போது கிர்ரென்று அது தன்பாட்டுக்குத் திரும்பி வருகிறதே, அந்தத் திரும்புதலில்தான் எண் கம்பியில் ஏறுகிறது. விட்டால்தான் போகும். திரும்பும் வேகம் மாறாமலிருக்க உள்ளே குட்டியாக ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். அதை அவசரப்படுத்தக் கூடாது, விரலை வைத்து உந்தித் தள்ளக் கூடாது. தள்ளினால் எண் மாறிவிடும். மரகதத்துக்கு இது மட்டும் வரவே இல்லை. அவள் நாலு என்று இழுத்தால் விரலை எடுக்காமல் டயலோடு கூடவே திரும்பி வருவாள், போதாக்குறைக்குக் கொஞ்சம் தள்ளியும் விடுவாள். ஒரு தரம் தங்கைக்குப் போட்டு மர டிப்போ வந்தது, இன்னொரு தரம் டாக்டருக்குப் போட்டு எவனோ தூங்கி எழுந்து திட்டினான். "ஊரு பூரா விரலு விட்டுச் சுத்துற போனை உம் பொண்டாட்டி சுத்துற மாதிரி பண்ணத் தெரியலியே உனக்கு," என்று மச்சினன் கேலி செய்தான். இவர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பார். விடு மரகதம், விரலை எடு, அது தானா வரும். "தானா வரும்னு விட்டுட்டு நிக்க எனக்கு முடியாதுங்க. கூடப்போய்க் கூட்டிக்கிட்டு வந்தாத்தான் எனக்குத் திருப்தி," என்பாள். கடைசியில் அவள் அந்தப் பக்கமே போகாமல் விட்டாள். அவர் சுற்றிக் கொடுப்பார், சாரு சுற்றிக் கொடுப்பாள், இவள் ரிசீவரை வாங்கிப் பேசுவாள்.

தானாக வரும் என்று இவர் விட்டுத்தான் மூன்று வருஷம் ஆகிறது. டயல் வரும், பெண் வருவாளா? போன வாரம் ஒரு மத்தியானம், வெயில் கூடத்துக்குள் பாதி வரை வந்து கிடந்தபோது, திடீரென்று எழுந்து திண்டுக்கல் நம்பரைச் சுற்ற ஆரம்பித்தார். மரகதம் காலண்டர் ஓரத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தாள். நீள நம்பர். ஒவ்வொரு எண்ணும் கிர்ரென்று திரும்பி வருவதற்குள் ஒவ்வொரு யோசனை. எடுத்தால் யார் எடுப்பார்கள், மரகதம் எடுத்தால் சாப்பிட்டியா என்று கேட்கலாம், அவன் எடுத்தால் வைத்துவிடலாம், அவள் எடுத்தால், அவள் எடுத்தால். கடைசி எண் சைபர். டயலின் நீளமான இழுப்பு அதுதான். கொக்கி வரை இழுத்துவிட்டார். விரலை எடுக்கவில்லை. எடுத்தால் போய்விடும். கொக்கியில் நக வெள்ளை தெரிய அழுத்திக்கொண்டு அப்படியே நின்றார், வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து சொட்டியது, ஊரெல்லாம் கம்பிகள் காத்திருப்பது போலிருந்தது, பிறகு இடது கையால் பொத்தானை அமுக்கி லைனைக் கொன்றுவிட்டு நாற்காலியில் விழுந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. பயந்தாங்கொள்ளி, என்றார் தன்னையே, வாய்விட்டு. இப்போதும் அதே நாற்காலி. தண்ணீர் குடிக்கப் போகலாமென்றால், போன நேரம் அடித்துவிடுமோ என்று அதே பயம். மூன்றாவது மணி எப்படி இருக்கும்? முதல் இரண்டின் அதே பித்தளை, அதே சுத்தி, ஓசையில் ஒரு வித்தியாசமும் இருக்காது. அந்தக் கிண்ணிகளை அவர்தான் தேர்ந்தெடுத்தார். ஒன்றுக்கு ஒன்று கொஞ்சம் சுருதி விலகியிருந்தால்தான் பக்கத்து அறைக்குக் கேட்கும், ஆனால் காதைக் கிழிக்கக் கூடாது, சாவு வீட்டிலும் அடிக்கும், கல்யாண வீட்டிலும் அடிக்கும், இரண்டுக்கும் பொருந்த வேண்டும். பொருந்துகிற மாதிரிதான் செய்தார். பிள்ளை பிறந்தாலும் இதே மணி, அவளுக்கு ஒன்று ஆனாலும் இதே மணி. கண்ணை மூடினார். கண்காட்சி அரங்கு வந்தது, ஆள் யாருமில்லை, கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மரப்பெட்டி போன், தண்டு போன், கறுப்புப் போன் எல்லாம் வரிசையாக. ஒன்று அடித்தது. அடுத்தது அடித்தது. மூன்றாவதின் சுத்தி தூக்கிக்கொண்டு நின்றது, விழவில்லை. அவர் கண்ணாடியைத் தட்டுகிறார், திறக்க வழியில்லை. பெட்டிக்குள் ரிசீவருக்குப் பதில் சின்னதாக ஒரு கவை, அதன் நடுவில் தூங்குகிற முகம். திடுக்கென்று நிமிர்ந்தார். கூடம் இருட்டாக இருந்தது. அடித்ததா? தூக்கத்தில் அடித்து நின்றுவிட்டதா? எழுந்து விளக்கைப் போட்டார், போனைத் தொட்டுப் பார்த்தார், அடித்த போன் சூடாகவா இருக்கும், பைத்தியக்காரத்தனம். ரிசீவரின் மேல் கையை ஓட்டி, விளிம்புக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திவிட்டார்.

இன்றைக்கு மரகதத்துக்கு என்ன வந்தது? விளக்கு வைத்ததும் அடிப்பவள். மறந்திருப்பாளோ, அவளா மறப்பாள். லைன் கிடைக்கவில்லையோ. கிடைக்காவிட்டால் திரும்பத் திரும்பச் சுற்றியிருப்பாள். சுற்றியிருப்பாள் என்று நினைத்ததும் யோசனை எதிலோ இடறியது. எதில் என்று தெரியவில்லை. திரும்பப் போய்ப் பார்த்தார். மரகதம் லைன் கிடைக்காமல் திரும்பத் திரும்ப டயலைச் சுற்றுகிறாள். நாலை இழுக்கிறாள், கூடவே விரலைக் கொண்டுவருகிறாள், தள்ளுகிறாள். மர டிப்போ. மரகதம் எப்படிச் சுற்றுவாள்? ஆறு இலக்கத்தில் தங்கையைப் பிடிக்க முடியாதவள், திண்டுக்கல்லிலிருந்து எஸ்டிடி நம்பர் முழுசையும் ஒன்று பிசகாமல், ஒரு மாதமாகத் தினம் தவறாமல்? அப்படியானால் அந்தப் பையன் சுற்றியிருப்பான். அவனுக்குச் சாயங்கால ஷிப்ட், எக்ஸ்சேஞ்சுக்குப் போனால் பத்து மணிக்குமேல்தான் வருவான், அதற்காகத்தான் துணைக்கு ஆள் வேண்டுமென்று மரகதம் போனதே. விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த வீட்டில் இரண்டே பேர். ஒருத்திக்குச் சுற்ற வராது. கோதண்டபாணி மெல்ல உட்கார்ந்தார். ஒரு மாதமாக, தினமும், ஒவ்வொரு எண்ணாக விரலை விட்டு, கொக்கி வரை இழுத்து, விட்டு, அது திரும்பி வரும் வரை நின்று, மறுபடி விரலை விட்டு, கடைசி எண் வரை சுற்றி, இரண்டு மணி கேட்டுவிட்டு வைத்தது அவள். இந்தக் கூடத்தில் அடித்தது அவள். இவர் ரசம் சுடவைக்கப் போனார். நான் முழுக்க முழுக்க மடையன், என்று அவருக்குத் தோன்றியது. எத்தனை ஆயிரம் விரலை நினைத்து இந்த ஓட்டையைப் போட்டிருப்பார், அவள் விரலை நினைக்கத் தோன்றவில்லையே. அந்த நினைப்போடு கூடவே அடுத்ததும் வந்தது. தினம் சுற்றுகிறவள் அவள் என்றால், இன்றைக்கு ஏன் இவ்வளவு நேரமாகிறது?

அடித்தது.

வெற்றுக் கூடத்தில் அது அவ்வளவு பெரிசாகக் கேட்கும் என்று செய்தவருக்கே தெரியாது. ஒரு மணி. நடுவில் இருக்கும் அந்த இடைவெளி, அவர் எழுந்து ஸ்டூல் வரை போவதற்குப் போதுமானது. குரோஷா துணி காலில் விழுந்து சிக்கியது. இரண்டாவது மணி. டிரிங்கென்று பாதியில் இருக்கும்போதே அவர் கை ரிசீவரை எடுத்துவிட்டது.

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. கம்பியின் இரைச்சல், அதற்கு நடுவில் மூச்சு. வேகமான, வாயால் விடுகிற மூச்சு. அவர் மணிக்கட்டில் பட்டது மாதிரியே இருந்தது.

"அப்பா?" என்றது குரல். அப்புறம், திருடிப் பிடிபட்ட மாதிரி, "ஏம்ப்பா எடுத்தீங்க? ரெண்டுதானே அடிச்சுது?"

தொலைவில் மரகதத்தின் குரல் கேட்டது, "மூணு அடிக்க விடுடின்னேனே, ரெண்டோட வைக்கப் பாத்தியே, நல்லவேளை அவரே எடுத்துட்டாரு!"

"என்ன சாரு?" என்றார். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பேர்.

"ஒண்ணுமில்லப்பா. மத்தியானத்துலேருந்து வலி. வண்டிக்குச் சொல்லியிருக்கு, வந்துட்டு இருக்கு. அம்மா மூணு அடிச்சு உங்ககிட்ட சொல்லணும்னாங்க. நீங்க தனியா இருக்கீங்க, மூணாவது கேட்டா பயந்துடுவீங்க. அதான் வழக்கம்போல ரெண்டோட வெச்சிட்டு..." குரல் அறுந்தது. வலி வந்து போகும் வரை அவள் ரிசீவரை வாயருகே பிடித்துக்கொண்டே இருந்தாள், அவர் இந்தப் பக்கம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆயிரம் சொல்ல வேண்டியிருந்தது. தப்பு என் பேரில் என்று சொல்ல வேண்டியிருந்தது, தைரியமாக இரு என்று சொல்ல வேண்டியிருந்தது. வாய் எதையும் பிடிக்காமல், கையில் அகப்பட்டதைப் பிடித்தது. "ஏம்மா... அந்த ரிசீவருக்கு அடியில என்னத்த மடிச்சு வெச்சே?"

அவள் சிரித்தாள், அழுகையும் வலியும் கலந்த சிரிப்பு. "உங்க விசிட்டிங் கார்டுப்பா. ரெண்டா மடிச்சா சரியா இருக்கும். விளிம்பு வெச்சப்புறம் மூணா மடிச்சேன்."

"மூணா," என்றார் கோதண்டபாணி. அவருக்கும் சிரிப்பு வந்தது, கண் மறைத்தது. வெளியே ஹாரன் அடிக்கும் சத்தம் கம்பி வழியாக வந்தது, மரகதம் பையைத் தேடிக்கொண்டு யாரையோ அதட்டினாள்.

"வண்டி வந்துடுச்சுப்பா. நான் வெச்சிடறேன். அங்க போய்ச் சேர்ந்ததும் அம்மா ஆஸ்பத்திரியிலேருந்து யாரையாவது விட்டு அடிக்கச் சொல்..."

"வேணாம்," என்றார் அவர். "இனிமே இங்க அடிக்காதீங்க. எடுக்க ஆள் இருக்காது. நான் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன்."

அவள் மூச்சு மட்டும் கேட்டது, பிறகு அந்தப் பக்கம் ரிசீவரை வைக்கும் சத்தம். அவர் ரிசீவரை வைத்தார், அது விளிம்பில் தட்டிச் சறுக்கித் தன் இடத்தில் படுத்தது. துணியைப் போர்த்தாமலே வேட்டியை மாற்றப் போனார்.